நம்ம அம்மாவா, எங்க அம்மாவா

இரவுப்பணி முடிந்து நேராக வகுப்புக்கு வந்தவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் மருந்து வாடை. கொரிய இலக்கிய முதுகலை வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேருக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நாற்பத்தொரு வயது நர்ஸான அவளை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள்.

வார்டு டிவியில் ஓடிய கொரியத் தொடர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் முதலில் காது பழகியது. பிறகு எழுத்துகளைக் கற்றாள். அந்த மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதைப் பார்த்தபோது, கல்யாண வீட்டில் முகம் தெரியாத சொந்தக்காரரைக் கண்டுகொண்டது போலிருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். “ஊசி போட்டா இனிமே கொரியா பாஷைலதான் அழணுமா?” என்று கேட்டுச் சிரித்தார். அதோடு விட்டுவிட்டார்.

இன்று அவள் பையில், படிப்பிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குப் பகல் ஷிஃப்ட் என்று ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டார். வகுப்பு முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள்.

பாடத்தில் ஒரு சிறுகதை. ஒரே அப்பா, வேறு வேறு அம்மாக்கள் என்று இரண்டு சகோதரர்கள். அண்ணனைப் பெற்றவள்தான் இருவரையும் வளர்த்தவள். எட்டு வருடமாகப் பேச்சில்லாத தம்பிக்கு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்கிறான். ‘உரி ஒம்மா’ கண் திறந்துவிட்டாள் என்கிறான்.

“எங்க அம்மா கண்ணு தொறந்துட்டாங்க,” என்று முன்வரிசைப் பெண் மொழிபெயர்த்தாள். பேராசிரியை தலையாட்டினார்.

சிஸ்டர் கையைத் தூக்கினாள். “மேடம், எங்க அம்மான்னு சொன்னா தம்பிக்கு அவங்க அம்மா இல்லன்னு ஆயிடுதே. நம்ம அம்மான்னா கதையே வேற.”

“அந்த மொழில ரெண்டுக்கும் ‘உரி’ன்னு ஒரே சொல்தான். எழுதினவர் தப்பிச்சுட்டாரு. நமக்குத்தான் வழியில்ல,” என்றார் பேராசிரியை.

“அண்ணனுக்குத்தான் அவனக் கண்டாலே ஆகாதே, சிஸ்டர்,” என்றாள் முன்வரிசைப் பெண்.

“ஆகாதவங்கதாம்மா வார்டு வாசல்ல நின்னு மொதல்ல போன் பண்ணுவாங்க. பதினெட்டு வருஷமா பாக்கறேன். எங்க அம்மான்னு சொல்லணும்னுதான் ஆரம்பிப்பாங்க. வாய்ல நம்ம அம்மான்னு வந்துரும்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மணி அடித்தும் முடியவில்லை.

வெளியே வரும்போது பேராசிரியை அவளை நிறுத்தினார். “முழுக் கதையையும் நீங்களே தமிழ்ல பண்ணுங்க. துறை இதழ்ல போடலாம்.”

“மேடம், நான் படிப்ப விட்டுடலாம்னு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன்.”

“என்கிட்ட குடுத்தீங்களா?”

“இல்ல.”

“அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்துத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனாள். இந்த செமஸ்டர் முடியும்வரை தனக்கு இரவு ஷிஃப்டே வேண்டும் என்று கேட்டாள். ஹெட் நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “நைட் வேணாம்னு அழறவங்களத்தான் பாத்திருக்கேன். கேட்டு வாங்கறவள இப்பத்தான் பாக்கறேன். ஒடம்பு தாங்குமாடி?”

“பாத்துக்கறேன் மேடம்.”

பணிப் பட்டியலில் ஒரு பெயரை அடித்து, அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினார். வரும் வழியில் அவள் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, கணவர் சாப்பாட்டு மேஜை அருகே நின்றுகொண்டிருந்தார். விளையாட்டுப் பக்கம் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் எழுதி வைத்திருந்த தாள்களின் மேல் குனிந்திருந்தார். கடைசித் தாளை முழங்கையால் தள்ளிவிட்டு, அதற்கடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

“அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தானா இல்லியா?”

“இன்னும் எழுதலங்க.”

“இப்படிப் பாதில விட்டா எப்படி?”

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் அகராதியைத் திறந்தாள்.