கண்ணாடி மங்கினால் எங்கே தொடுவது?

காரின் முன்பலகையில் ஒரு பொத்தான்கூட இருக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். கார் கம்பெனியில் வடிவமைப்பாளர். ரேடியோ, குளிர்காற்று, கண்ணாடிப் பனியைப் போக்கும் காற்று என்று சகலத்தையும் ஒரே திரைக்குள் அடைத்துவிட்டு, பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொண்டார்.

"தூசி தட்ட சுத்தமாத்தாங்க இருக்கு. ஓட்ட?" என்றாள் மனைவி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று அதே காரில் அவளுக்கு ஓட்டுநர் தேர்வு, நான்காவது தடவையாக. திங்கட்கிழமை முதல் நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. உரிமம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

துணைக்கு ஒருவர் பின்சீட்டில் உட்காரலாம் என்பதால் கணவரும் ஏறிக்கொண்டார். ஆனால் கார் ஓடும்போது துணைக்கு வந்தவர் வாயைத் திறந்தால் தேர்வு அம்பேல். தேர்வு அதிகாரி அதைச் சொன்னபோது இவரைத்தான் முறைத்தார். வாய் சும்மா இருக்காது என்பது ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேர் விட்ட மூச்சில் முன்கண்ணாடி மங்கியது.

"கண்ணாடியைச் சரி பண்ணுங்கம்மா. ரோட்டை விட்டு கண்ணை எடுக்கக் கூடாது" என்றார் அதிகாரி.

அவள் தடவிப் பார்த்தாள். திரை வழவழவென்று இருந்தது. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ரேடியோ அலறியது. அதிகாரியின் சீட் சூடானது, மனிதர் நெளிந்தார். பின்சீட்டில் இவருக்கு உயிரே போனது. 'வலப்பக்கம், மூன்றாவது படம்' என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

அவள் சட்டென்று சைகை விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி, காரை நிறுத்தினாள்.

"சார், இப்ப வண்டி நிக்குது. இவர் பேசலாமா?"

"பேசட்டும்."

"வாங்க, நீங்களே பண்ணுங்க."

அவர் பெருமையாக முன்னால் எக்கி, வலப்பக்கம் மூன்றாவது படத்தைத் தொட்டார். பின்கதவு படக்கென்று மேலே திறந்துகொண்டது. அப்போதுதான் நினைவு வந்தது: போன வாரம்தான் எல்லாக் கார்களின் திரையிலும் படங்களை இடம் மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்பக்கமாக மழை உள்ளே அடித்தது. நான்கு நிமிடம் தேடினார். அதற்குள் அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தானே துடைத்து முடித்தார்.

"இந்தக் கண்ராவியை எவன்யா பண்ணினான்?"

"இவர்தான் சார்" என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல்.

அதிகாரி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மீதி வழியை அவள் நிதானமாக ஓட்டி முடித்தாள். அலுவலக வாசலில் அதிகாரி தாளை நீட்டினார். 'தேர்ச்சி' என்றிருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. இவருக்கும்தான், சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

அதன் கீழே 'வழியில் நேர்ந்த இடையூறு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அதிகாரி, மழை என்று எழுதவில்லை, கண்ணாடி என்றும் எழுதவில்லை.

'கணவர்' என்று எழுதியிருந்தார்.