சீல் உடையாத பாட்டில்

கோபப்படாமல் கேளுங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன், கண்ணுகளா. கோபம் வரவேண்டிய சங்கதிதான் இது.

வடக்கனந்தலில் பொன்னுரங்கம் என்று ஒருவன். மரவள்ளிக் கிழங்கு மூட்டையை முதுகில் வாங்கி லாரியில் ஏற்றுகிற ஆள். அவன் மனைவி கண்ணகி அதே காட்டில் கிழங்கு பிடுங்குவாள். லோடு ஏறி முடிந்ததும் ஏற்றிய ஆண்களுக்கு ஆளுக்கொரு குவாட்டர் கொடுப்பது அங்கே வழக்கம். கூலி தனி, இது தனி. கொடுக்காத முதலாளிக்குக் கஞ்சன் என்று பெயர் வந்துவிடும்.

பொன்னுரங்கத்துக்கு ரத்தக் கொதிப்பு. மாதாமாதம் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற சுகாதார ஊழியர் இசைவாணி, ஒருநாள் காலை அவன் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தாள்.

"இன்னா அண்ணா, போன மாசத்தவிட ஜாஸ்தியா இருக்குது. மாத்திரை போடறியா இல்லியா?"

"போட்டுக்கினுதான் இருக்கேன் தங்கச்சி."

"அவர இன்னா கேக்கற பாப்பா," என்று பிரிக்காத மாத்திரை அட்டையோடு வந்தாள் கண்ணகி. "சரக்கு போட்ட அன்னிக்கு நான்தான் மாத்திரைய எடுத்து ஒளிச்சி வெச்சிடுவேன். ரெண்டும் சேந்தா உசுருக்கு ஆபத்தாச்சே. நீதான சொன்ன, மாத்திரை போடறவங்க குடிக்கக் கூடாதுன்னு?"

இசைவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! குடிய நிறுத்தச் சொன்னா மாத்திரைய நிறுத்திட்டியே! சரக்கே பிரஷர ஏத்தும். மாத்திரையும் இல்லன்னா ஒரு பக்கம் கை கால் வுழுந்துடும். மூளையில ரத்தம் கசிஞ்சா ஆளே மிஞ்சமாட்டாரு."

கண்ணகிக்கு முதலில் தன் மேல்தான் எரிந்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்தல்லவா ஒளித்து வைத்தாள்! அவளைத் திட்ட உங்களுக்கு மனசு வருமா? குடிக்காத நாள் என்று ஒன்று இருந்தால்தானே மாத்திரை போடுகிற நாள் வரும்? கிழங்குக் காலத்தில் தினமும் லோடு, தினமும் பாட்டில்.

சாயங்காலம் லாரி நிறைந்தது. முதலாளி தனசேகரன் பையிலிருந்து பாட்டில்களை எடுத்தார். பொன்னுரங்கம் கை நீட்டினான். நடுவில் வந்து நின்றாள் கண்ணகி.

"இவருக்கு வாணாங்க."

"டேய் பொன்னுரங்கம், வூட்டு இன்ஸ்பெக்டரு வந்துட்டாங்க, பாட்டில ஒளிடா!" என்றான் கூட மூட்டை தூக்குகிற அய்யப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

"தள்ளுடி," என்று பல்லைக் கடித்தான் பொன்னுரங்கம்.

தனசேகரன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இத பாரும்மா. ஊர் ஊரா பொணம் வுழுந்துச்சே, அந்த விஷச் சாராயமா குடுக்கறேன்? கடைச் சரக்கு. சீல்கூட ஒடையல. ஒடம்பு வலிக்கு நல்லதுன்னு ஆசையா வாங்கியாறேன்."

"அந்தச் சாவு ஒரேயடியா வந்துச்சு, ஊரே பாத்துச்சு. இது மெதுவா வருது, யாரும் பாக்கல. கொதிப்பு இருக்கிற ஆளுக்கு சீல் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? ஒடம்பு வலிக்கு நல்லதுன்னா, நாள் பூரா குனிஞ்சி கெழங்கு புடுங்கறமே, எங்க இடுப்பு வலிக்கு என்னிக்காவது எதுனா குடுத்தீங்களா?"

இப்போது சிரித்தது பெண்கள். கூடக் கிழங்கு பிடுங்குகிற பெரியநாயகி கையிலிருந்த கத்தியைக் கூடையில் எறிந்தாள். "நல்லா கேளு கண்ணகி! நாளைக்கு இங்க ஒரு பாட்டில் கண்ணுல பட்டாலும் நாங்க யாரும் காட்டுல எறங்கமாட்டோம்."

பிடுங்க ஆளில்லாமல் லாரி காலியாக நின்றால், கிழங்கை ஜவ்வரிசியாக்குகிற சேகோ மில்லில் அவர் முறை போய்விடும். தனசேகரன் பாட்டில்களைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கை உதைத்துக் கிளப்பினார். ஆண்கள் கண்ணகியை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுரங்கம் கத்தினான். "மானத்த வாங்கிட்ட. இனிமே எவன் மூஞ்சில முழிப்பேன்?"

"என் மூஞ்சில முழி." மாத்திரையையும் சொம்பையும் நீட்டினாள்.

வீசியெறிவான் என்றுதான் நினைத்தாள். வாங்கி விழுங்கினான். சொம்பு அவன் கையில் ஆடி, தண்ணீர் மார்பெல்லாம் கொட்டியது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

கண்ணகி இசைவாணிக்கு போன் போட்டு நடுக்கத்தைச் சொன்னாள்.

"தெனம் குடிச்சவரு திடீர்னு நிறுத்தினா இப்பிடி ஆவும் அக்கா. ஜாஸ்தியானா வலிப்புகூட வரும். வூட்ல வெச்சிக்கினு இருக்காத. ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. குடிய நிறுத்தறதுக்கும் அங்க மருந்து இருக்குது."

"நான் வரமாட்டேன்," என்றான் பொன்னுரங்கம். கையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

"யோவ், உன்ன வரியான்னா கேட்டேன்? சட்டைய மாட்டு. கள்ளக்குறிச்சி பஸ்ஸு வர நேரம்."

அவனால் பொத்தான் போட முடியவில்லை. திட்டிக்கொண்டே அவள்தான் போட்டுவிட்டாள்.