ரஹீமா ராத்தாவின் கூரை

என் வீட்டுக்காரர் சுரேந்திரனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தால் முகம் வெளுத்துப்போகும். அவரிடம் மூன்று பந்தயப் படகுகள் இருந்தன.

பர்மாவில், க்யிம்யிண்டைங் மார்க்கெட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பது நான். ஃப்ரேம் மாட்டுவதும் ஆர்டரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர். எட்டு வருடத்துக்கு முன்னால் இன்யா ஏரிப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் கண்ணாடி கொடுக்கப் போனார். அங்கே கொல்லையில் இரண்டு நாய்கள் ஒரு பழைய படகுக்குள் படுத்துக் கிடந்தன. எழுபதுகளில் யாரோ வெளிநாட்டுக்காரர் ஏரியில் நீர்ச்சறுக்கு விளையாடக் கொண்டுவந்து, போகும்போது விட்டுப்போனதாம். என்ன பேசினாரோ, நாய்களுக்கு மரப்பெட்டி செய்துகொடுத்துவிட்டுப் படகைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாவது படகு இன்சீனில் ஒரு வீட்டில் கெளுத்தி மீன் தொட்டியாக இருந்தது. மூன்றாவதில் ஒருவர் மண்ணைக் கொட்டி ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தார். மூன்றும் பிழைப்புக்கு வேறு வேலை தேடிக்கொண்டவை. இவர் போய் அவற்றை வேலையை விட்டு நிறுத்திப் பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றில் வரிசையாகப் படுக்கவைத்தார்.

"படகோட அடி கத்தி மாதிரி இருக்கணும் கலா," என்பார். "வேகம் எடுத்துச்சுன்னா உடம்பு பூரா தண்ணிய விட்டு எழும்பிரும். பின்னாடி ஒரு கையகல இடம் மட்டும்தான் தண்ணியத் தொடும்."

"அப்படி ஓடி நீங்க பாத்திருக்கீங்களா?"

"வீடியோல."

போன ஜூன் மாதம் தாகேதாவில் ஒரு வாத்தியாரம்மாவுக்குக் கண்ணாடி கொடுக்கப் போனவர், மழைக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினார். மாலையில் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாத்தியாரம்மாவின் கண்ணாடி இன்னும் பையிலேயே இருந்தது.

"கலா, அந்தக் கடையோட கூரை..."

"ஒழுகுதா?"

"கூரையே படகு! கவுத்துப் போட்டிருக்காங்க. அடிப்பக்கம் வானத்தப் பாத்துக் கிடக்கு. ரெண்டு பக்கமும் நீளவாக்குல மூணு மூணு வரம்பு ஓடுது. நடு முதுகுல, பின்பக்கமா, கையகலத்துக்குத் தட்டை. பந்தயத்துக்குன்னே செஞ்சாதான் அந்தத் தட்டை இருக்கும். ஏரியில சும்மா சுத்துற படகுக்கெல்லாம் அது கிடையாது."

அன்றிலிருந்து அவருக்குத் தினமும் தாகேதாவில் ஏதோ ஒரு வேலை வந்தது. பதினோரு நாள் போனார். பன்னிரண்டாம் நாள் என்னிடம் வந்து, "நீ ஒருதரம் வாயேன், அந்தம்மா என்னை ஒரு மாதிரியா பாக்குறாங்க," என்றார்.

அந்தம்மா என்பது டீக்கடைக்காரர் ரஹீமா ராத்தா. அறுபது வயதிருக்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, கையில் பலாத்தா ரொட்டிக்குப் பிசைந்த மாவு. நான் யாரென்று சொன்னதும் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"இவரு உன் வீட்டுக்காரரா? நான் முனிசிபல் ஆளுன்னுல நெனச்சேன். தெனமும் வாராரு, டீ சொல்றாரு, குடிக்க மாட்டேங்குறாரு. அண்ணாந்து அண்ணாந்து பாக்குறாரு. ஒருநாள் டேப்ப எடுத்து நீளம் அளக்குறாரு. கடையப் பிரிக்கத்தான் வந்துட்டாங்கன்னு நான் மூணு நாளா சரியா தூங்கல."

"கடைய இல்ல ராத்தா, கூரைய மட்டுந்தான்," என்றார் இவர். நான் அவர் காலை மிதித்தேன்.

ராத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லி அந்தப் படகு வந்த கதையைச் சொன்னார். நர்கீஸ் புயல் அடித்த மறுநாள் காலையில் பார்த்தால், அது இவர்கள் சந்தில் குப்புறக் கிடந்தது. சிற்றாறு வழியாக எங்கிருந்து வந்ததோ தெரியாது. மூன்று மாதம் வரைக்கும் தேடி யாரும் வரவில்லை. ஊரில் அப்போது தகரம் கிடைக்காத நேரம். இருந்த கூரை பறந்துவிட்டது. ராத்தாவின் கணவரும் வார்டு ஆட்கள் ஆறு பேருமாக அதைத் தூக்கி நான்கு கம்பத்தின் மேல் வைத்தார்கள்.

"பதினேழு வருஷம் ஆச்சு. ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. தகரம் போட்டுத் தாரேன்னு சொல்லாதே தம்பி. தகரம் வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்குக் கத்தும். இதே மாதிரி ஒண்ணு கொண்டா, இத எடுத்துக்க. கடையும் ரெண்டு நாளைக்கு மேல மூடக்கூடாது."

இதே மாதிரி இன்னொன்று இந்த ஊரில் இருந்தால், அதையும் இவர் அல்லவா கிட்டங்கியில் வைத்திருப்பார்! திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நிம்மதியைக் கெடுத்தது பொன்னுத்துரை. ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற பட்டறைக்காரர். இவருடைய படகுகளுக்கு ஓட்டை அடைப்பதும் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுல என்ன இருக்கு? படகு கவுந்துதானே கெடக்கு? அது மேலயே மெழுகு பூசி, ஃபைபர் பாய விரிச்சு, ரெசின் பசை தடவுவோம். காஞ்சதும் மேல உள்ளதத் தூக்கிட்டா அதுதான் புதுக் கூரை. அடியில உள்ளது உங்க படகு," என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று என் கையை இப்படிப் பிடித்த ஞாபகம் எனக்கு இல்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலையில், படகைக் கம்பத்திலிருந்து இறக்கிக் கடைக்கு முன்னால் கவிழ்த்தபடியே வைத்து வேலை தொடங்கியது. பதினேழு வருட அழுக்கைத் தேய்த்துக் கழுவி எடுத்ததும் படகின் முதுகு வெள்ளையாக மின்னியது. பொன்னுத்துரை மூன்று முறை மெழுகு பூசினார். "இனிமே யாரும் இதத் தொடாதீங்க, தொட்ட எடம் ஒட்டிக்கும்," என்று சொல்லிவிட்டு ரெசின் கலக்கப் போனார். நாங்களும் கேட்டுக்கொண்டோம். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார்.

வாடிக்கையாளர்கள் எதிர்ச் சந்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ரெசின் நாற்றத்தில் ஒருவருக்கும் டீ இறங்கவில்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. மாலைக்குள் படகுக்கு மேல் தேன் நிறத்தில் இன்னொரு படகு உருவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் சுற்றி நின்று தூக்கினார்கள். வரவில்லை. பொன்னுத்துரை விளிம்பைச் சுற்றி மர ஆப்பு அடித்தார். முன்பக்கம் டப்பென்று விட்டது, நடுவும் விட்டது. மோட்டார் மாட்டுகிற பின்சுவர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

பொன்னுத்துரை ஆப்பைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சயா, உண்மையச் சொல்லுங்க. பின்னாடி கைய வெச்சீங்களா?"

"கைய வெக்கல."

"பின்னே?"

"நாணயத்தால சுரண்டினேன். கொஞ்சம்தான். பெயிண்டுக்கு அடியில படகோட நம்பர் இருக்கும், அதுல எந்த வருஷம் செஞ்சதுன்னு தெரியும். பாத்தேன், கடைசியில எழுபத்தி நாலுன்னு இருந்துச்சு. அப்புறம்தான் நீங்க ரெசின் பூசினீங்க."

 சந்தில் இருந்த எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் எழுத்தைக் கண்டால் விடுவாரா என்று நான் பர்மியத்தில் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்குக் கடை திறக்க வேண்டும். கூரையும் இல்லை, படகும் இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுவில் நிற்கின்றன. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரஹீமா ராத்தாதான் முதலில் நகர்ந்தார். "பலாத்தா கல்லுல ஒட்டினா என்னா செய்வோம்? ஓரத்துல எண்ணெய விட்டு விட்டு எடுப்போம். எண்ணெய்க்குப் பதிலா தண்ணியாச்சும் ஊத்திப் பாருங்களேன்," என்றார்.

"அதுவும் செய்யுற முறைதான்," என்றார் பொன்னுத்துரை. தமக்கு அது ஏன் முதலில் தோன்றவில்லை என்ற வருத்தம் குரலில் தெரிந்தது.

டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைக் கெட்டில் கெட்டிலாகக் கொண்டுவந்து கூரைக்கும் படகுக்கும் இடையில் ஊற்றினார்கள். ஆறாவது கெட்டிலில், எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். எட்டுப் பேரும் புதுக் கூரையோடு ஒரு அடி பின்னால் போய் விழப்பார்த்தார்கள்.

படகு வந்துவிட்டது. ஆனால் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மேல்தோல் உரிந்து கூரையோடு போய்விட்டது. எந்த இடம் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நம்பர் இப்போது ரெசினுக்குள் மாட்டிய பூச்சி மாதிரி, கூரையின் பின்பக்கம் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது.

"நம்பர் இல்லாட்டி இது எழுபத்தி நாலுல செஞ்ச படகுதான்னு நான் யார்கிட்ட எப்படிக் காட்டுவேன்?" என்றார் இவர்.

"இங்க கூட்டிட்டு வந்து காட்டு," என்றார் ராத்தா. "வர்றவங்க டீ குடிக்கணும். உன்னை மாதிரி ஆற விடக்கூடாது."

புதுக் கூரை ஏறியதும்தான் ராத்தாவுக்குக் குறை தெரிந்தது. ரெசினில் பொன்னுத்துரை சாயம் கலக்கவில்லை. வெயில் அப்படியே உள்ளே இறங்கிக் கடை முழுக்கத் தேன் நிற வெளிச்சம். "கோப்பையில உள்ள கறையெல்லாம் தெரியுதே, பாவிங்களா!" என்று கத்தினார். மறுவாரம் நான் போனபோது கோப்பைகளெல்லாம் புதிதாக இருந்தன. பகலில் கரண்டு போனாலும் இப்போது ராத்தா கடையில் மட்டும் பேப்பர் படிக்கலாம் என்று கூட்டம் கூடியிருந்தது. ராத்தா அதை எங்களிடம் ஒப்புக்கொள்ள மாட்டார்.

படகைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. உட்புறம் முழுக்க அடுப்புப் புகை. நான்தான் உட்கார்ந்து தேய்த்தேன். எத்தனை தேய்த்தும் பாலும் கரியும் கலந்த ஒரு வாசனை போகவில்லை. டிசம்பரில் ஒரு இரவல் மோட்டார் கிடைத்தது. பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் நின்று ஒரு கேன் நிரப்பினோம். ஞாயிறு காலை க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஆற்றில் இறக்கினோம். ரஹீமா ராத்தாவுக்கு இவர் சொல்லியனுப்பியிருந்தார். ராத்தா ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்து நின்றார்.

"ஏறுங்க ராத்தா," என்றார் இவர்.

"பதினேழு வருஷம் இதுக்குக் கீழ உக்காந்துட்டேன். இப்ப மேல உக்காரச் சொல்றியா? போ தம்பி." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நானும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தேன். பொன்னுத்துரை மோட்டாரைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் இரண்டு மிதவைச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்ததில் கையைக் கீழே இறக்க முடியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் போகும்வரை படகு எருமை மாதிரி ஆடியது. பிறகு பொன்னுத்துரை வேகத்தைக் கூட்டினார். முன்பக்கம் மேலே எழுந்தது. ஒரு கணம் வானம் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் முன்பக்கம் தாழ்ந்து, ஆட்டமெல்லாம் நின்று, அடியில் சரசரவென்று ஒரு ஓசை மட்டும். அக்கரையில் டாலாப் பக்கம் போகிற படகுகள் எங்களுக்குப் பின்னால் போய்விட்டன. ராத்தா முக்காட்டைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும்! இன்னும்!" என்று பொன்னுத்துரையின் தோளில் தட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"கண்ணத் தொறங்க," என்று காதருகில் போய்க் கத்தினேன். "இதுக்குத்தானே இவ்வளவும்!"

"எழும்பிருச்சா?"

"எழும்பிருச்சு."

"பின்னாடி மட்டும்தான் தண்ணியத் தொடுதா?"

எட்டிப் பார்த்தேன். "ஆமாங்க. ஒரு கையகலம்தான்."

முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். ஆற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.