மூடிய கழுத்துக்கு ஒரு சர்டிபிகேட்

பெயர் என்னவோ மாலை விருந்து உடை. ஆனால் அரண்மனையில் மகாராணிக்கு முன்னால் அதைப் பிப்ரவரி மாதக் குளிரில், மத்தியானம் மூன்று மணிக்கு உடுத்தி நிற்கவேண்டும். கழுத்தும் தோளும் திறந்திருக்க வேண்டும். பின்னால் மூன்றரை கஜம் பட்டு தரையில் இழுபட வேண்டும். தலையில் இறகு வேண்டும். லண்டனில் யாரும் இதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

திருமதி ஜார்ஜியானா ஹார்க்நெஸ் நிமோனியாவில் படுத்து எழுந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மகள் வினிஃப்ரெடை இந்த வருஷம் அவள்தான் அரண்மனைக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பெண்ணுக்குப் பெரிய வீட்டு அழைப்பு வராது. அழைப்பு வராவிட்டால் வரன் வராது.

"தோளைத் திறந்துட்டுப் போனீங்கன்னா சவப்பெட்டியிலதான் திரும்புவீங்க," என்றார் டாக்டர் கிம்பர். "கழுத்தை மூடிக்க அரண்மனையில அனுமதி கேளுங்க. சர்டிபிகேட் நான் தர்றேன். நுரையீரல் பலவீனம்னு எழுதட்டுமா?"

"எழுதினா, என் பொண்ணுக்கும் நெஞ்சு வியாதின்னு ஊரே பேசும். அப்புறம் எவன் கட்டுவான் அவளை?"

"அப்ப அரண்மனை ஒத்துக்கிற இன்னொரு காரணம்தான் இருக்கு. முதுமை."

ஜார்ஜியானா பத்து வருஷமாக நாற்பத்தைந்து வயதில் இருந்தாள். அங்கே வசதியாகவே இருந்தது. கணவர்தான் அவளைத் தனியே விட்டுவிட்டு வயதாகிக்கொண்டு போனார். அவள் மகளைப் பார்த்தாள். வயதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சமும் மனசில்லை.

"முதுமைன்னே எழுதுங்க."

அரண்மனைக் கூடத்தில் நூற்றுக்கணக்கான தோள்கள் குளிரில் நீலம் பாரித்துக் காத்திருந்தன. ஜார்ஜியானா மட்டும் காது வரை மூடியிருந்தாள். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த லேடி லெட்டீஷியாவும் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னடி ஜார்ஜி, நெஞ்சு சரியில்லையா?" நாலு தாய்மார் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள் லெட்டீஷியா. "பாவம், இதெல்லாம் பொண்ணுக்கும் வருமாமே."

வினிஃப்ரெடின் முகம் வெளுத்தது. ஜார்ஜியானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தைந்து என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். துணிந்த பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லடி. வயசாயிடுச்சு. அறுபது. நீ என்னைவிட நாலு மாசம் பெரியவதானே?"

லெட்டீஷியா ஊருக்குச் சொல்லிவந்த வயது நாற்பத்து மூன்று. நாலு தாய்மாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் நீலமாக இருந்த தோள் மெல்லச் சிவந்தது.

வினிஃப்ரெடின் பெயரை வாசித்தார்கள். அறுபது வயதுக் கிழவி மகளின் பின்னால் இழுபட்ட பட்டுத்துணியை ஒருமுறை உதறிச் சரிசெய்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.