ஆறாவது கை

தொட்டியில் கிடந்த கம்பளித் துணியை, அது இறுகித் தடிக்கும்படி, இடனியும் ஆஸ்பெர்ட்டும் எதிரெதிரே நின்று மிதித்துக்கொண்டிருந்தனர். களிமண்ணும் புளித்த மூத்திரமும் கலந்த நீர் முழங்கால்வரை ஏறியிருந்தது. இடனி நின்ற இடத்தில் இருபது நாளுக்கு முன்புவரை அவள் கணவன் தர்ஸ்டன் நின்றான். இப்போது அவன் வடக்கு வாசல் கோபுரத்தின் அடியில் காவலில் இருந்தான். வியாபாரி ஹேமோ மிதிக்கக் கொடுத்த துணியில் இரண்டு முழத்தை வெட்டித் திருடினான் என்பது வழக்கு. அவ்வளவு துணிக்குத் தண்டனை தூக்கு.

"மெதுவா மிதி. கோழி குப்பையைக் கிளறுற மாதிரியில்ல பண்றே" என்றான் ஆஸ்பெர்ட்.

"எனக்குச் சிரிப்பு வரல, அண்ணே. நாளைக்கு வந்துருவீங்கல்ல?"

"எத்தன தடவ கேப்பே? அஞ்சு பேரு அவங்க, ஆறாவது நான். 'சேணத்துக்கு அடியில போடுற மாதிரி தடிமனா வேணும்'னு அந்த ஹேமோ சொன்னப்ப நானும் இங்கதானே நின்னேன்? மூணு நாள் கூடுதலா மிதிச்சா, துணி சுருங்காம நீளுமா?"

"நானுந்தான் நின்னேன்."

"பொம்பளக் கைய அங்க எடுத்துக்க மாட்டாங்களே, தாயி."

நகரத்தின் வழக்கம் அது. குற்றம் சாட்டப்பட்டவன் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து, தான் நிரபராதி என்று சத்தியம் செய்வான். அவனை அறிந்த ஆண்கள் ஆறு பேர் அவன் கைமேல் தங்கள் கைகளை வைத்து, அவன் சொல் மெய் என்பார்கள். ஆறு கைகளும் சேர்ந்தால் அவன் வீட்டுக்குப் போகலாம். ஒன்று குறைந்தாலும் அவன் செய்தது பொய்ச் சத்தியம்.

மறுநாள் மணி அடித்து ஓய்ந்த பிறகே ஆஸ்பெர்ட் மன்றத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். இடனி அவன் அருகே போனாள்.

"உள்ள வாங்க அண்ணே. ஆரம்பிச்சுட்டாங்க."

அவன் தன் காலையே பார்த்தான். "காலையில ஹேமோ ஆளனுப்பினாரு. ஆத்துல ஆலை வைக்கப் போறாராம். தண்ணி சக்கரத்தச் சுத்த, மரச் சம்மட்டி தானா துணிய அடிக்குமாம். கூட நின்னு பாத்துக்க ஒரே ஒரு ஆள் போதுமாம். அந்த எடம் எனக்காம்."

"அதுக்கு?"

"பொய் சொல்ல வேணாம்னாரு இடனி. சும்மா நின்னாப் போதும்னாரு."

உள்ளே தர்ஸ்டன் சத்தியத்தைச் சொல்லி முடித்திருந்தான். அவன் கைமேல் ரொட்டிக்காரனின் கை, பிறகு செருப்புத் தைப்பவனின் கை என ஐந்து கைகள் ஏறின. எழுத்தர் இறகை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். தர்ஸ்டன் திரும்பி வாசலைப் பார்த்தான்.

"ஆஸ்பெர்ட், வாப்பா. கை வலிக்குதுல்ல" என்றான். ஐவரில் ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பெர்ட் இரு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டான். ஹேமோ சுவரில் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் எழுதத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும் தூக்கு என்றார்கள். கோபுரத்துக்குள் இடனியை விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் வண்டி நின்றது. குற்றவாளியின் பொருள்கள் அரசருக்கு உரியவை. கட்டிலும் பெஞ்சும் கிண்ணங்களும் வண்டியில் ஏறியிருந்தன. நகரச் சேவகன் ஒருவன் கந்தலால் பிடித்து அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தான். தர்ஸ்டன் வந்ததும் சாப்பிடட்டும் என்று காலையில் அவள் ஏற்றிவைத்துவிட்டுப் போன வாற்கோதுமைக் கஞ்சி அதில் இருந்தது.

"இதை எதுலம்மா ஊத்தறது?" என்று சேவகன் கேட்டான். "பானை மட்டுந்தான் பட்டியல்ல இருக்கு."

இடனி சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் இடுப்பில் முன்பக்கம் கட்டியிருந்த துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.