ஏறுகிற வண்டி

மலைச் சாலையில் சவரிக்காட்டைத் தாண்டிய பிறகுதான் தேவசேனா ஜீப்பின் கண்ணாடியில் அந்த பைக்கைக் கவனித்தாள். அவள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. ஓரம்கட்டி, முந்திப் போகச் சொல்லிக் கையை ஆட்டினால், ஓட்டுகிறவன் தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் குனிந்து செயினைப் பார்த்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டால் ஆள் தெரியாது என்று நினைப்பு. பழனி ஜீப் ஸ்டாண்டில் மணியனின் கிளிப்பச்சைச் சட்டையைத் தெரியாதவர்கள் யார்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

அனுப்பியது கொழுந்தன் கந்தவேல்தான். வேறு யாருக்கு இந்த அக்கறை வரும்! எள்ளு காய்வது எண்ணெய்க்கு. கூடவே இந்த எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று மணியன்மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் ஆள் கெட்டவனில்லை. சொன்னதைச் செய்கிறவன், அவ்வளவுதான்.

ஜீப் அவள் புருஷன் சண்முகராஜுடையது. முருகனைப் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கும் அதற்கு அப்பாலும் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஜீப்பை விற்க வத்தலக்குண்டில் ஆள் பார்த்தாயிற்று என்று கந்தவேல் வருஷத் திதிச் சாப்பாட்டின்போது அறிவித்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் ஓட்டுறேன்" என்றாள் தேவசேனா. லைசன்ஸ் எடுத்திருந்தாள். விடியலில், பக்தர்கள் வண்டி நிறுத்தும் காலி மைதானத்தில் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியிருந்தாள். பந்தியில் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை.

"மலை ரோட்டுல ஓட்டுறது கோலம் போடுற மாதிரி இல்ல மதினி" என்றான் கந்தவேல்.

"கூக்கால் வரைக்கும் போயிட்டு வந்து காட்டுறேன். வந்துட்டா வண்டிய விக்கப்படாது."

கொடைக்கானலுக்கும் அப்பால் இருக்கிற கூக்கால் ரோட்டில் ஓட்டினவன்தான் டிரைவர் என்பது ஸ்டாண்டில் வழங்கும் பேச்சு. கந்தவேல் சாம்பாரை ஊற்றிக்கொண்டே யோசித்தான்.

"சரி. ஒத்தையாப் போயி ஒத்தையா வரணும். வேற கை ஸ்டீரிங்கத் தொட்டுச்சுன்னா வண்டி வத்தலக்குண்டுக்கு."

ஊரே கேட்க ஒப்புக்கொண்டாள். அப்படித்தான் இன்று வெள்ளனே கிளம்பியது. இப்போது மணியன் பின்னால் வந்தால், அவன்தான் கூட்டிப் போனான் என்று ஆகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பெருமாள்மலையில் டீ குடித்தாள். கொடைக்கானல் ஏரியைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பூம்பாறைக்கு மேலே வந்ததும் வெயில் விழுந்தது. கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள், நடுவில் ஓட்டு வீடுகள், சாலையோரம் பைன் மரங்கள். ஜன்னலில் வந்த காற்று காதைக் கிள்ளியது. கல்யாணமாகி இருபது வருஷமாக இந்த மலையின் அடிவாரத்தில் இருந்தும், இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது. புருஷன் செத்து ஒரு வருஷத்தில் இத்தனை சந்தோஷம் ஆகுமா என்று ஒரு கணம் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆகும் என்றுதான் தோன்றியது. கியரை மாற்றி மேட்டில் ஏற்றினாள்.

கூக்காலுக்குப் பிரிந்த சாலையில், ஒரு குறுகலான திருப்பத்தில், கேரட் மூட்டைகளோடு லாரி ஒன்று எதிரே இறங்கி வந்து நின்றது. ஒரு பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கவேண்டும். இது மலைச் சாலையின் சட்டம். தேவசேனா ஹாரனை ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

லாரிக்காரர் தலையை நீட்டினார். "டிரைவர் இல்லையாக்கா?"

"நாந்தான்."

"அட முருகா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை; நிஜமாகவே முருகனைக் கூப்பிட்டார். "ஏறுற வண்டிக்குத்தான் வழி, நான் இல்லேங்கல. ஆனா இம்புட்டு லோடோட பின்னால ஏறாதுக்கா. ஒங்களுக்குப் பின்னாலதான் எடங் கெடக்கு."

திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். சாலை அகலமாகிற இடம் அவளுக்குப் பின்னால், கீழே இருந்தது. நியாயம் தன் பக்கம், வழி அவர் பக்கம். அதற்குள் பச்சைச் சட்டை ஓடிவந்து கதவைப் பிடித்தது.

"எறங்குங்க மதினி, வெரசா எடுத்து விட்டுர்றேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சாமி சத்தியமா."

"கைய எடு மணியா."

"பள்ளம் மதினி!"

"எனக்கும் கண்ணு இருக்கு. எடு."

ரிவர்ஸ் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினாள். ஜீப் ஒரு சாண் பின்னால் போய், எதிலோ இடித்து, குலுங்கி நின்றுபோனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்துக்கு அடியில் பூசணிக்காய் அளவில் ஒரு கல்.

"இத யாரு வச்சது?"

மணியன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நாந்தான். வண்டி உருண்டுறக் கூடாதேன்னு..."

லாரிக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தேவசேனாவுக்கும் சிரிப்பு வந்தது; கோபம் அதைவிட அதிகமாக வந்தது. இத்தனை நாளும் கந்தவேலும் இவனும் காட்டிய அக்கறை எல்லாமே இப்படித்தான், சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல். குனிந்து அதைத் தானே தூக்கிப் பாறையோரம் போட்டாள். இன்னொருவர் "வலது, வலது" என்று கத்தினால் கை குழம்பிவிடும் என்று, இருவரையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஏறினாள். இடது பக்கக் கண்ணாடியில் பள்ளத்தின் விளிம்பும் புல்லும் தெரிந்தன. புல்லுக்கும் டயருக்கும் நடுவே கொஞ்சம் தார் தெரிகிறவரை பயமில்லை. அந்தக் கொஞ்சத்தையே பார்த்துக்கொண்டு அகலமான இடம் வரை இறக்கிவிட்டாள். கடந்து போகும்போது லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். டிரைவருக்கு டிரைவர் சொல்கிற நன்றி அது. அவளும் திருப்பி அடித்தாள்.

"நீ இப்பிடியே பழனிக்குத் திரும்பு" என்றாள் மணியனிடம்.

"கந்தவேல் அண்ணன் வையுமே."

"வையட்டும். வஞ்சு முடிச்சப்பறம் எனக்கு ஒரு போனப் போடச் சொல்லு."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைத் திருப்பினான்.

கூக்காலில் ஏரிக்கரையில் நிறுத்தி முகம் கழுவினாள். தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. பாதிப் பந்தயம் ஜெயித்தாயிற்று. இனித் திரும்பிப் போகவேண்டியதுதான். ஊரைச் சுற்றிவரும்போது பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பெண்கள் கைகாட்டினார்கள். ராக்கம்மா என்கிற அம்மாளும், நிறைமாதமாக இருந்த அவள் மகளும். மகளுக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு ஸ்கேன். காலை பஸ் வரவில்லை.

ஒத்தையாப் போயி ஒத்தையா வரணும். தேவசேனாவுக்குக் கந்தவேலின் குரல் அப்படியே காதில் கேட்டது. இவர்களை ஏற்றினால் பந்தயம் போச்சு. ஊரே சாட்சி. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது: புருஷன் வண்டியை, தன் வண்டியை, வைத்துக்கொள்ள யாரிடம் எதற்காகப் பந்தயம் கட்டினோம்? சோற்றுப் பந்தியில் அந்தக் கேள்வியை அல்லவா கேட்டிருக்கவேண்டும்! தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. போன் அடித்தது. திரையில் கந்தவேல் பெயர். அடிக்கட்டும் என்று சீட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

மகளை மெல்ல ஏற்றி உட்காரவைத்துவிட்டு, ராக்கம்மா ஜீப்புக்குள்ளும் சாலையிலும் மாறிமாறித் தேடினாள்.

"டிரைவரு எங்கத்தா?"

"வந்தாச்சு, ஏறுங்க" என்று தேவசேனா சுற்றிவந்து ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ராக்கம்மா ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் இருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தாள்.