ஊக்கு

நல்லம்மாளுக்கு முப்பத்திரண்டு வயதில் முகத்தில் பரு வந்தது. காய்ந்த இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. தாடையோரம் ஒன்று ஆறிய பிறகும் வளர்ந்து, புளியங்கொட்டை அளவில் பளபளவென்று தடித்து நின்றது.

அது 1984. என் மனைவி அவள், மலேசியாவில் உலு யாம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஆயா. பெண்கள் விடியலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் அவளிடம் விட்டுப் போவார்கள்.

ஒருநாள் பால்மரம் வெட்டும் இராஜம்மா தொட்டிலில் போட்ட தன் குழந்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள்.

"ஏன்க்கா?" என்றாள் நல்லம்மாள்.

"முப்பது வயசுக்கு மேல யாருக்குடி பரு வருது? எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் மூஞ்சி தடிச்சிச்சு. பெரிய வியாதின்னு கொண்டு போனாங்க. திரும்பி வரவே இல்ல."

மறுநாள் ஐந்து தொட்டில்கள் காலி. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சுப்பிரமணியம் வீட்டுக்கே வந்தார். "டாக்டர் கடுதாசி கொண்டா லா, தங்கச்சி. இல்லாட்டி ஆபீஸ் கிராணி வேற ஆளப் போட்டுருவாரு."

திங்கட்கிழமை கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அவள் குடித்த குவளையை ஒதுக்கி, வேறு எடுத்துக் குடித்தேன். அவள் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தாள். குஷ்டம் வந்த இடத்தில் குத்தினால் வலிக்காது என்று எங்கோ படித்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கன்னத்துல என்னமோ ஒட்டியிருக்கு, இரு" என்று குனிந்து, கையில் மறைத்திருந்த ஊக்கால் கறுத்த தழும்பில் குத்தினேன்.

"ஐயோ! என்னங்க!"

முறம் சாய்ந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தே விட்டேன்.

"வலிக்குதா? நல்லா வலிக்குதா?"

கன்னத்தைப் பொத்தியபடி என் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தாள்.

"ராஜம்மா அக்கா பரவால்ல. மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க."

டாக்டரும் ஊசியால் குத்தித்தான் பார்த்தார். சொல்லிவிட்டுக் குத்தினார். பருதான், பெரியவர்களுக்கும் வரும், கறுத்த தோலில் தழும்பு நாளாகத்தான் மங்கும், சிலருக்கு இப்படித் தடித்தும் போகும் என்றார். கடிதம் கொடுத்தார். மண்டோர் அதைக் கொட்டகையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். "மனசுல வச்சுக்காதடி" என்று இராஜம்மாதான் முதலில் குழந்தையை நீட்டினாள். நல்லம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

வீட்டில் மட்டும் தனக்கென்று ஒரு குவளை வைத்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே அதில் குடிப்பேன். வாங்கிக் கழுவிக் கவிழ்ப்பாள்.

நான்கு வருடம் கழித்து, மாசியில், காய்ச்சலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அவசரத்தில் என் குவளையிலேயே தண்ணீர் கொண்டுவந்து வாயருகே வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னோடத எடுத்துட்டு வாங்க."

எடுத்துவந்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள். மறுநாள் போய்விட்டாள்.